மிசின் காத்திழுத்தால்: ஜெற் படகின் பம்பும் ஒரு சின்னக் கணக்கும்

(எமது மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் இருந்தால் வருமான வரி, ஜி.எஸ்.ரி., மார்ச் 31 கணக்கு முடிப்பு என்றுதான் கதைப்பேன் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். இன்றைக்கு அதற்கு விடுமுறை. மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் தெருவிலேயே இப்போது மூன்று தமிழ் வீடுகளின் வாசலில் படகு நிற்கிறது. அதில் ஒன்று என் மனைவியின் தம்பியுடையது, ஜெற் படகு. அதில் ஒரு நாள் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் படகு வைத்திருப்பவர்களுக்கும், படகில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புபவர்களுக்கும் உதவும் என்று பட்டது.

நான் பொறியியலாளன் அல்ல. கணக்காளன். ஆனால் ஜெற் படகின் பின்புறத்தில் இருக்கும் அந்தச் சாமான் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமானது. அது வேறொன்றுமில்லை, தண்ணீர் இறைக்கும் மிசின்.

உரும்பிராயில் எங்கள் தோட்டக் கிணற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மிசின் ஒன்று இருந்தது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்பா வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பார். மிசின் பக்கம் பார்க்கவே மாட்டார். ஆனால் அதன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிவிட்டுக் கத்துவார்: "தம்பி, மிசின் காத்திழுக்குது, நிப்பாட்டு!"

காற்றிழுக்கும் மிசின் எப்படி இருக்கும் என்று தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். சத்தம் மேலே ஏறும், தண்ணீர் கீழே குறையும். எஞ்சினுக்குச் சுமை இல்லாமல் போவதால் அது துள்ளிக்கொண்டு ஓடும். பார்ப்பவனுக்கு மிசின் நன்றாக வேலை செய்வது போல இருக்கும். உண்மையில் எண்ணெய் எரிகிறது, வாய்க்கால் காய்கிறது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் தவித்த காலத்தில், அப்படி ஓடவிடுவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்பா மிசினை நிறுத்தியபின் மூன்று இடத்தைத்தான் பார்ப்பார். முதலாவது, கிணற்றுக்குள் கிடக்கும் குழாயின் வாய். அதில் இலை, சருகு அடைத்திருக்கிறதா? இரண்டாவது, உறிஞ்சு குழாயில் எங்காவது காற்று புகுகிறதா? மூன்றாவது, பம்புக்குள் சுழலும் விசிறி தேய்ந்துவிட்டதா? ஜெற் படகில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஜெற் படகை இன்றுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரு பண்ணைக்காரர்தான். 1899இல் பிறந்த பில் ஹமில்டன், தென் தீவின் மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மன் கிரீக் என்ற செம்மறியாட்டுப் பண்ணையை 1921இல் வாங்கி நடத்தியவர். அங்குள்ள ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து, கூழாங்கற்களின் மேல் முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓடுபவை. சாதாரண படகின் சுழலி அங்கே கல்லில் அடித்து உடைந்துவிடும். படகுக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிராமல், படகின் அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளினால் என்ன என்று யோசித்து, 1954இல் தன் முதல் படகை ஓடவிட்டார். தண்ணீர் வெளியேறும் வாய் முதலில் படகின் அடியில் இருந்தது. அதை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்ததும் வேகம் வெகுவாகக் கூடியது. தண்ணீரைத் தண்ணீருக்குள் பீய்ச்ச வேண்டியதில்லை. தண்ணீரை வேகமாகப் பின்னுக்கு வீசினால் அதன் எதிர்விசையே படகை முன்னுக்குத் தள்ளும்.

1960இல் ஹமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை எதிர்த்து கிராண்ட் கன்யன் வழியாக மேலேறின. 1977இல் சேர் எட்மண்ட் ஹிலாரி, மூன்று ஜெற் படகுகளில் வங்காள விரிகுடாவிலிருந்து கங்கையை எதிர்த்துப் போனார். படகுகளில் ஒன்றின் பெயரே 'கங்கா'. பில் ஹமில்டனின் மகன் ஜோன் ஹமில்டனும் அந்தப் பயணத்தில் ஒரு படகோட்டி. இமயமலை அடிவாரம் தாண்டி நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை படகுகள் போயின. கங்கையின் வண்டல் தண்ணீரை அவ்வளவு தூரம் விழுங்கித் துப்பியது இந்தப் பம்புதான்.

இனி அதன் உடம்பைப் பார்ப்போம். படகின் அடியில் தண்ணீர் புகும் வாய். அதற்குக் குறுக்கே, கல்லும் கட்டையும் புகாமல் யன்னல் கம்பி போல ஒரு கம்பித்தட்டு. உள்ளே எஞ்சினின் தண்டில் பூட்டிய சுழல் விசிறி, அதை இம்பெல்லர் என்பார்கள். இம்பெல்லரைச் சுற்றி ஒரு வளையம். இம்பெல்லரின் நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கலாம். சிறிய படகுகளில் ஒரு மில்லிமீற்றர் அளவைச் சுற்றித்தான் பேச்சு. சரியான அளவு உங்கள் மொடலின் கைநூலில் இருக்கும். அதற்குப் பின்னால் சுழன்று வரும் தண்ணீரை நேராக்கும் அசையாத தகடுகள். கடைசியில் ஒடுங்கிய வாய். அந்த வாய்க்கு வெளியே, நீரோட்டத்தை இடம் வலமாகத் திருப்பும் சுக்கான் குழலும், பின்னோக்கிப் போக நீரோட்டத்தை முன்பக்கம் மடக்கிவிடும் மூடியும் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜெற் படகில் திசை திருப்புவதும் நிறுத்துவதும் அந்தப் பீய்ச்சும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லையென்றால் சுக்கான் இல்லை. எதிரில் ஏதோ வருகிறதென்று பயந்து த்ரொட்டிலை முழுதாக விட்டுவிட்டால், படகு திரும்பாமல் நேரே போய் மோதும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஜெற் படகின் சுகவீனத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண் போதும். ஒன்று, முழு த்ரொட்டிலில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது. மற்றது, அப்போது படகின் வேகம் என்ன. படகு நல்ல நிலையில் இருக்கும் ஒரு நாளில் இந்த இரண்டையும் கொப்பியில் எழுதி வையுங்கள். அதுதான் ஆரம்ப மீதி. பிறகு ஒவ்வொரு பயணத்திலும் எழுதி ஒப்பிடுங்கள்.

மூன்று விதமாகக் கணக்குப் பிழைக்கலாம்.

சுற்று கூடி, வேகம் குறைந்தால் பம்பு தண்ணீரைப் பிடிக்கவில்லை. அப்பாவின் பாசையில் காத்திழுக்குது. அடைப்பு, காற்றுக் கசிவு, தேய்மானம், இந்த மூன்றில் ஒன்று.

சுற்றும் குறைந்து, வேகமும் குறைந்தால் எஞ்சினைப் பாருங்கள். எரிபொருள் வடி, காற்று வடி, தீப்பொறி. அல்லது பம்புக்குள் ஏதோ உராய்ந்து இறுக்குகிறது.

சுற்று மாறாமல், வேகம் மட்டும் குறைந்தால் எஞ்சினிலும் பம்பிலும் பிழை தேட வேண்டாம். படகு பாரமாகிவிட்டது. ஆள் கூட, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, அல்லது அடிப்பாகத்தில் பாசி பிடித்திருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. பம்பு எஞ்சினிடம் கேட்கும் சக்தி, சுற்றின் முப்படியாக ஏறும். சுற்று இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு தேவை. சுற்று 4000இலிருந்து 4200 ஆனால் அது 5 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் நல்ல பம்பை 4200இல் சுற்ற எஞ்சினுக்கு ஏறக்குறைய 16 வீதம் கூடுதல் சக்தி வேண்டும். பழைய எஞ்சினுக்கு இரவோடிரவாக அந்தப் பலம் எங்கிருந்து வரும்? வராது. அப்படியானால் எஞ்சின் பலக்கவில்லை, பம்பு தளர்ந்துவிட்டது. இந்தச் சின்ன எண்தான் பெரிய செய்தி சொல்கிறது.

இந்த முப்படிக் கணக்கை நான் அறிந்தது பிறகுதான். ஆனால் எண்கள் என் கண்முன்னே இருந்தன. மச்சான் அந்தப் படகைப் பழசாக வாங்கியபோது, கொப்பி போடச் சொன்னதே நான்தான். முதல் பக்கத்தில் 4000 சுற்று, மணிக்கு 60 கிலோமீற்றர் என்று இருந்தது. மனுக்காவ் குடாவின் மணல் திட்டுகளுக்கு மேலால் ஒரு கோடைகாலம் முழுவதும் ஓடினான். ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்தால் 4200 சுற்று, 54 கிலோமீற்றர். வாடிக்கையாளரின் புத்தகத்தில் இப்படி ஒரு வித்தியாசம் இருந்தால் விடுவேனா? விடமாட்டேன். ஆனால் அன்றைக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டு மீன் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். அது என் பிழை.

மார்ச் மாதம், இரண்டு நாள் அடை மழைக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை. ஒனஹங்காவில் படகை இறக்கினோம். மச்சான், அவனுடைய 11 வயது மகள், நான். கோர்ன்வாலிஸ் பக்கம் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பும் நேரம் வற்றுநீர் இழுக்கத் தொடங்கியிருந்தது. மனுக்காவ் குடாவின் தண்ணீர் முழுவதும் அந்த ஒடுங்கிய வாயால்தான் கடலுக்குப் போகிறது. வாயில் மணல் திட்டுகளும் உடையும் அலைகளும். 1863 பெப்ரவரி 7ஆம் திகதி ஒர்ஃபியஸ் என்ற போர்க்கப்பல் அங்கே மணலில் ஏறி 189 பேர் மாண்டார்கள். இந்த நாட்டின் மிகப் பெரிய கடல் விபத்து இன்றும் அதுதான். நாங்கள் படகை இறக்கிய கரையோர வீதிக்கும் அந்தக் கப்பலின் பெயர்தான்.

மச்சான் த்ரொட்டிலைத் தள்ளினான். எஞ்சின் கிறீச்சிட்டது, படகு நகரவில்லை. அவன் இன்னும் தள்ளினான். சத்தம் இன்னும் ஏறியது. சுற்று மானி 5000ஐத் தொட்டது. கரை மெல்ல மெல்லப் பின்னால் போவதற்குப் பதிலாக முன்னால் போனது. நாங்கள் கடல் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தோம்.

என் வாயில் அப்பாவின் சொல்தான் வந்தது. "தம்பி, காத்திழுக்குது, நிப்பாட்டு!"

"இல்லை அத்தான், கொஞ்சம் ஓடினால் துப்பிவிடும்" என்றான். பிறகு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டபடியே பின்னால் போய்ப் பம்பின் மூடியைத் திறக்கக் குனிந்தான். நான் சாவியைத் திருப்பிக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டேன். எஞ்சின் ஓடும்போது அந்த மூடிக்குள் போகும் கை திரும்பி வராது. இதை மட்டும் இன்றைய பேச்சிலிருந்து நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

"மாமா, நாங்க எங்க போறம்?" என்று பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல் நங்கூரம் போட வேண்டும். நங்கூரமோ மீன் பெட்டிக்கும் மழைச்சட்டைகளுக்கும் அடியில் கிடந்தது. அதை இழுத்தெடுத்து எறிந்து, கயிறு இறுகிப் படகு நிற்கும் வரை போன நிமிடங்கள் என் வாழ்நாளில் நீளமானவை.

பிறகு மூடியைத் திறந்து பார்த்தோம். எங்களுடைய மொடலில் படகு நிற்கும்போது அந்த மூடி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். எல்லா மொடலிலும் அப்படியல்ல. திறந்தால் தண்ணீர் உள்ளே பாயும் படகுகளும் உண்டு. உங்களுடையது எது என்பதை வீட்டிலேயே கைநூலில் பார்த்து வையுங்கள். உள்ளே சிவப்பு வெங்காய வலைப்பை. வெள்ளத்தில் அடித்து வந்தது, பாதி கம்பித்தட்டில், பாதி இம்பெல்லரில் சுற்றிக்கிடந்தது. கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தோம்.

எஞ்சின் திரும்ப ஓடியது. ஆனால் தேய்ந்த பம்பு வற்றுநீரை எதிர்த்து இழுக்க நெடுநேரம் எடுத்தது. எரிபொருள் முள் கீழே போய்க்கொண்டிருக்க, யாரும் கதைக்காமல் வந்து சேர்ந்தோம். அடைப்பு ஒரு நிமிடத்தில் வந்தது. தேய்மானம் ஐந்து மாதமாக எழுத்தில் இருந்தது. அடைப்பு யாருக்கும் வரலாம். எழுத்தில் இருந்ததைக் கவனிக்காமல் பிள்ளையை ஏற்றியதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே, தண்ணீரில் வைத்துப் பம்பு பிடிக்காவிட்டால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். த்ரொட்டிலைக் கூட்டாதீர்கள். எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்தியதும் உறிஞ்சல் நின்றுவிடுவதால் பாசியும் பிளாஸ்ரிக் பையும் சில வேளை தானாகக் கழன்று விழும். பாதுகாப்பான இடமாக இருந்தால் சில விநாடி கழித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சரிவராவிட்டால் முதலில் நங்கூரம், பிறகு சாவியைக் கழற்றுதல், அதன்பிறகே மூடி. எஞ்சின் வெப்பமானியையும் பாருங்கள். பல படகுகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரையும் இதே பம்புதான் கொடுக்கிறது. பம்பு அடைத்தால் எஞ்சினும் கொதிக்கும். உதவி தேவையென்றால் வி.எச்.எப். வானொலியில் அலைவரிசை 16இல் கூப்பிடத் தாமதிக்காதீர்கள். உயிர்காப்பு அங்கி ஏறும்போதே உடம்பில் இருக்க வேண்டும்.

காற்றுப் புகுவதற்கும் இன்னொரு கோளாறுக்கும் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது. உறிஞ்சும் வாய் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் விழுந்து, தண்ணீர் சூடாகாமலேயே ஆவிக் குமிழிகளாகும். அவை உடையும்போது தகரப் பேணிக்குள் கல் குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். அந்தக் குமிழிகள் இம்பெல்லரின் உலோகத்தையே அரித்துப் பொத்தல் பொத்தலாக்கும். வெளியிலிருந்து காற்றுப் புகுவதானால், பெரும்பாலும் மூடியின் றப்பர் வளையம் சரியாக அமரவில்லை. அடைப்பு எடுத்தபின் அவசரத்தில் மூடியை மணலோடு பூட்டினால் இதுதான் நடக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை. உப்புத் தண்ணீரில் ஓடிவந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்ணீர் இல்லாமல் ட்ரெய்லரில் வைத்துப் பம்பை ஓடவிடாதீர்கள். பல பம்புகளின் பின்பக்கத் தண்டு றப்பர் பெயரிங்கில் சுழல்கிறது. அதற்குக் கிறீஸ் தண்ணீர்தான். காய்ந்து ஓடினால் பெயரிங்கும் சீலும் கருகும். முன்பக்கப் பெயரிங்குக்குக் கைநூல் சொல்லும் கிறீஸை, சொல்லும் அளவுக்கு அடியுங்கள். தண்டு படகுக்குள் வரும் இடத்தில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் சீல் போகிறது. அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு பம்பைக் காப்பாற்றும் நாகக் கட்டிகள் பாதியாகக் கரைந்தால் மாற்றுங்கள். அலுமினியப் படகுக்குச் செம்பு கலந்த அடிப்பூச்சுப் பூசாதீர்கள், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். சுக்கானின் கேபிளையும் நட்டுகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். இம்பெல்லரின் முன் விளிம்பில் கல் பட்ட வெட்டுகள் இருந்தால் அரத்தால் சமப்படுத்தலாம். வளையம் தேய்ந்திருந்தால் அது பட்டறை வேலை. மச்சானின் படகுக்கு வளையமும் இம்பெல்லரும் செய்து முடித்தபின் கொப்பியில் 4000 திரும்ப வந்தது.

இன்னொன்று. ஜெற் பம்புக்குள்ளும் அடித்தளத்திலும் தண்ணீர் தேங்கி நிற்கும். 2023 மே மாதத்தில் வைக்காட்டோ ஆற்றில் தங்கச் சிப்பி என்ற அந்நியச் சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அதன் குஞ்சுகள் இப்படித் தேங்கிய தண்ணீரில் இன்னோர் ஏரிக்குப் போய்விடும். ஆற்றிலிருந்து ஏறினால் முழுதாக வடித்து, கழுவி, காயவிட்ட பின்பே அடுத்த நீர்நிலைக்குப் போங்கள்.

நேயர்களே, மச்சானின் படகில் இப்போது இரண்டு மாற்றம். நங்கூரத்தின் மேல் எதையும் வைப்பதில்லை. கொப்பியை எழுதுவது அவனுடைய மகள். போகும்போது எண்ணை எழுதி, முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டுச் சொல்வாள்: "மாமா, சரி." அதன்பிறகுதான் தூண்டில் வெளியே வரும்.

அடுத்த மாதம் வழக்கம்போல வரிக் கணக்கோடு வருகிறேன்.